மருதாயி தின்ற கீரை

அக்கா, அந்த ஈரச் சாக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கொள்கிறீர்களா? தப்பாக நினைக்காதீர்கள், குழந்தையின் கால் அதில் படுகிறது. ஆமாம், பெண்தான். ஆறு மாதமும் ஒன்பது நாளும். ஐயோ, தொட வேண்டாம். தொட்டால் ஒன்றும் ஆகிவிடாது, எனக்கு அப்படியெல்லாம் பயம் கிடையாது. கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வழக்கம் என்றால், நான் வைத்த வழக்கம்தான்.

இந்த பஸ் அல்லூரில் நிற்கும் இல்லையா? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டேன். "நிக்கும்மா, ஏறும்மா" என்றார். இருந்தாலும் டிரைவரிடமும் கேட்டேன். முன் சீட்டில் இருக்கிற காலேஜ் பெண்ணிடமும் கேட்டேன். நீங்களும் நிற்கும் என்கிறீர்கள். சரி. நான்கு பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள்.

இத்தனை சீட் காலியாக இருக்கும்போது உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் விரல்களைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றிப் பச்சை ஏறியிருக்கிறது. கொத்தமல்லி, புதினாவா? மார்க்கெட்டில் போட்டுவிட்டுத் திரும்புகிறீர்களா? அதேதான் நினைத்தேன். அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு கேள்வி. மணத்தக்காளிக் காயை, கறுத்த பழம் இல்லை, பச்சைக் காயை, சமைக்காமல் அப்படியே ஒரு கைப்பிடி தின்றால் ஆள் செத்துப்போவார்களா?

சிரிக்காதீர்கள் அக்கா. நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. காய் மட்டுமில்லை, இலை, தண்டு, பூ, எல்லாமாகச் சேர்த்து. அறுபது வயது இருக்கும் அந்தப் பொம்பளைக்கு. நான் மூன்றாவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மென்று, விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. இன்றோடு பத்து நாள். அவளுக்கு ஊர் அல்லூர் பக்கம் என்று மட்டும்தான் தெரியும். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை. என் கணவர் ஆல்வின் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருக்கிறார். பாப்பாவுக்கு ஆறு மாத ஊசி போடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஊசி போன வாரமே போட்டாகிவிட்டது. அது அவருக்குத் தெரியாது. பாருங்கள், பெற்ற தகப்பனுக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட மனிதர்களை நம்பி ஒரு குழந்தையை எப்படி விட்டுவிட்டு வருவது? அதனால்தான் தூக்கிக்கொண்டே வந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

நான் கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். அம்மா இல்லை, அப்பாவுக்கு வருடம் ஓர் ஊருக்கு மாற்றல். எங்கள் ஹாஸ்டலில் ஒரு சட்டம் உண்டு. தமிழில் பேசி மாட்டிக்கொண்டால் கீரை. கீரை என்றால், சமையற்கட்டுக்குப் பின்னால் குவித்து வைத்திருக்கும் முந்நூறு பேருக்கான கீரையை உட்கார்ந்து ஆய்ந்து கொடுக்க வேண்டும். வாயாடிப் பெண்கள் எல்லாம் தினம் அங்கேதான். பூச்சி அரித்த இலையைக் கிள்ளி ஒருத்தி மேல் ஒருத்தி எறிந்துகொண்டு, அங்கேயும் தமிழில்தான் பேசிச் சிரித்துக்கொண்டு கிடப்பார்கள். நான் எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அங்கே உட்கார்ந்ததில்லை. ஒரு தடவை அசெம்பிளியில் சிஸ்டர் என்னை முன்னால் நிறுத்தி, "இந்தப் பெண்ணின் கை இன்று வரை ஒரு கீரையைத் தொட்டதில்லை" என்றார்கள். பள்ளிக்கூடமே கை தட்டியது. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இப்போது அந்த வாயாடிகள் எல்லாம் வீட்டில் நன்றாகக் கீரை கடைகிறார்கள். எனக்கு முருங்கையைத் தவிர எல்லாம் ஒன்றுதான். பச்சையாக இருக்கும், அவ்வளவுதான்.

குழந்தை பிறந்து மூன்று மாதம் அத்தை, ஆல்வினின் அம்மா, என்னோடு இருந்தார்கள். புதுக்கோட்டைக்குத் திரும்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்கள்: "தெனம் ஒரு கீரை உள்ள போகணும், ஜெனோவா. பால் வத்துற மாதிரி தெரிஞ்சா ஒரு போன் பண்ணு. புள்ளையை நான் கொண்டுபோயி வளத்துக்கிறேன்." அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள். நான் கொண்டுபோகிறேன்! ஏதோ ஊறுகாய் ஜாடியைக் கொண்டுபோவது மாதிரி. அன்றிலிருந்து கீரை எனக்குச் சாப்பாடு இல்லை அக்கா. கீரை இருந்தால் பால் இருக்கும், பால் இருந்தால் பிள்ளை என்னிடம் இருக்கும்.

குடமுருட்டிப் பாலமா இது? இன்னும் எவ்வளவு தூரம்? ஓ, இப்போதுதான் தொடங்கியிருக்கிறதா.

அப்படித்தான் மருதாயி வந்தாள். காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் "கீரேய்ய்" என்று ஒரு சத்தம் வரும். எங்கள் கட்டடத்தில் நாற்பது வீடு. எல்லோரும் கீழே இறங்கிப் போய் வாங்குவார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க மாட்டேன், விட்டுவிட்டும் இறங்க மாட்டேன். அதனால் அவளே கூடையோடு மூன்று மாடி ஏறி வருவாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டாள். கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே கதவுக்குள் எட்டிப் பார்ப்பாள்.

ஒரு நாள் நான் கீரை கழுவுவதைப் பார்த்துவிட்டாள். நான் ஏழு தண்ணீரில் கழுவுவேன். முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் உப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம் வினிகர், அப்புறம் மூன்று வெறும் தண்ணீர். சமைக்கும்போது கீரை நார் மாதிரி ஆகிவிடும். பரவாயில்லை, சுத்தம்தானே முக்கியம்?

"ஏன் பாப்பா, கீரையைக் கழுவுறியா, ஞானஸ்நானம் குடுக்குறியா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதைக்கூட விட்டுவிடலாம். அவள் என் குழந்தையைப் பேசின பேச்சு இருக்கிறதே! தினமும் அக்கா, தினமும். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி எலிக்குஞ்சு, இன்னும் உசுரோட கெடக்கியா?" என்பாள். "கரிக்கட்டை, உன்னை யாருடி கட்டிக்குவா?" என்பாள். "வத்தலாட்டம் இருக்கே, காத்தடிச்சா பறந்துருமே" என்பாள். நீங்களே சொல்லுங்கள், ஒரு பச்சைக் குழந்தையைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? நான் கதவைச் சாத்தியதும் ஓடிப்போய் குழந்தையை எடை மெஷினில் படுக்க வைப்பேன். ஆறு கிலோ எழுநூறு. சரியாகத்தான் இருக்கும். அப்பாடா என்று உட்கார்ந்து அதற்குப் பிறகுதான் காப்பி குடிப்பேன்.

ஒரு நாள் தவறாமல் இப்படி. பிறகு எனக்குச் சந்தேகம் வராதா? நம் பிள்ளை நன்றாக இருக்கக்கூடாது என்று நினைக்கிறவள் கையிலிருந்து வருகிற கீரையை நாம் தின்கிறோம், அதுதான் பாலாகிப் பிள்ளைக்குள் போகிறது.

அவள் புதிதாக ஒரு கட்டு கொண்டுவந்தாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. "வரப்புல கிள்ளுனது பாப்பா. அஞ்சாறு ரகம் கலந்து கெடக்கு. மார்க்கெட்டுக்குப் போகல, உனக்குன்னு கொண்டாந்தேன். இதைத் தின்னு, நீயும் தூங்குவ, உன் எலிக்குஞ்சும் தூங்கும்" என்றாள். கவனியுங்கள். அவள் வாயால் சொன்னாள், தூங்கும் என்று.

பாதியைப் பொரியல் செய்தேன். சாப்பிட்டேன். பால் கொடுத்தேன். ஒரு மணிக்குக் கண்ணை மூடியவள் மூன்று மணிக்கு எழுந்திருக்கவில்லை. நான்கு மணிக்கும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் பிள்ளை பெற்றவர், சொல்லுங்கள், ஆறு மாதக் குழந்தை பகலில் மூன்று மணி நேரம் தூங்குமா? தூங்குமா? சரி, உங்கள் பிள்ளைகள் தூங்கியிருக்கலாம். என் பிள்ளை தூங்காது. முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து கத்துவாள். அவள் கத்தினால்தான் எனக்கு நிம்மதி. மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைக் காட்டிப் பார்த்தேன். பிறகு ஓடிப்போய் மிச்சக் கீரையைப் பிரித்துக் கொட்டினேன்.

அதில் ஒரு தண்டு. குட்டிக் குட்டியாக வெள்ளைப் பூ. குன்றிமணி அளவில் கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய், நடுவில் ஒன்றிரண்டு கறுப்பு. போனில் படம் எடுத்துக் காட்டினால் செடியின் பெயர் சொல்லும், உங்களுக்குத் தெரியுமா? சொன்னது. பிளாக் நைட்ஷேட் என்றது. கீழேயே சிவப்பு எழுத்தில், விஷச் செடி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் தொடர்ச்சியாக ஞாபகம் இல்லை. குழந்தையைப் பிடித்து உலுக்கினேன். எழுந்து வீல் என்று கத்தினாள். அப்படியே ஆட்டோ. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பலமா அழுற குழந்தைக்கு என்னம்மா?" என்றார்கள்.

"அழலை டாக்டர். தூங்கினா."

"தூங்கினதுக்கா கூட்டிட்டு வந்தீங்க?"

சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தாள். எல்லோருக்கும் சிரிப்பு.

நான் ஆட்டோவில் போகும்போதே எங்கள் கட்டடத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் படத்தைப் போட்டுவிட்டேன். கீரைக்காரி விஷச் செடியைக் கலந்து விற்கிறாள், என் குழந்தை மயக்கத்தில் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று. ஆங்கிலத்தில்தான். எங்கள் குரூப்பில் எல்லாமே ஆங்கிலம்தான். திரும்பி வரும்போது பார்த்தால் நாற்பத்திரண்டு மெசேஜ். செக்ரட்டரி கோதண்டராமன் சார், நாளையிலிருந்து எந்தக் கீரைக்காரரும் கேட்டுக்குள் வரக்கூடாது என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே என் பெயரைக் குறிப்பிட்டு, விழிப்பான தாய், எல்லோருக்கும் முன்மாதிரி என்று போட்டிருந்தார். வரிசையாக எல்லோரும் கைதட்டுகிற படம் போட்டிருந்தார்கள்.

பிள்ளை பெற்றதிலிருந்து என்னை யாரும் சரி என்று சொல்லவில்லை அக்கா. பிடிக்கத் தெரியவில்லை, குளிப்பாட்டத் தெரியவில்லை, ஏப்பம் விட வைக்கத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

போன் அடிக்கிறது. ஆல்வின். அடிக்கட்டும். ஊசி போடுகிற இடத்தில் போன் எடுக்கக்கூடாது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் காலை ஏழு மணி. "கீரேய்ய்" என்று சத்தம் வந்தது. பால்கனிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் பிச்சைமுத்து அண்ணன் கையை நீட்டி மறிக்கிறார். கோதண்டராமன் சார் வாக்கிங் ஷூவோடு நிற்கிறார். ஏழெட்டுப் பேர் சுற்றிலும். முதலில் அவளுக்குப் புரியவேயில்லை. சார் போனில் படத்தைக் காட்டினார். கிட்டே வாங்கிப் பார்த்தாள்.

"இதுவா? இது மணத்தக்காளி சாமி."

"போன்ல விஷம்னு போட்டிருக்கும்மா."

"போனு என்னிக்கு சாமி கீரை தின்னுச்சு?"

யாரோ சிரித்தார்கள். சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேச்சு வேண்டாம். ஒரு குழந்தை சாகக் கிடந்துச்சு" என்றார். அப்போது அவள் முகம் மாறியது. மூன்று மாடி உயரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. "எந்தப் புள்ள?" என்றாள். யாரோ மேலே கை காட்டினார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அவள் கூடைக்குள் கையை விட்டு அதே கீரையில் ஒரு கைப்பிடி எடுத்தாள். உருவக்கூட இல்லை. அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மாடு மாதிரி மென்றாள். கடைவாயில் பச்சைச் சாறு ஒழுகியது. விழுங்கினாள். வாயை ஆவென்று திறந்து சாரிடம் காட்டினாள். "செத்தா நான் சாவுறேன். அந்தப் புள்ளைய நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

முத்தரசநல்லூரா? இன்னும் எத்தனை ஸ்டாப்?

அன்றைக்கு மத்தியானம் அத்தைக்குப் போன் செய்தேன். என்ன இருந்தாலும் நான் செய்ததை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். படத்தையும் அனுப்பினேன். அத்தை படத்தைத் திறந்து பார்த்தார்கள். அப்புறம், "அடியே ஜெனோவா, அது மணத்தக்காளிடி. வாய்ப்புண்ணுக்குக் குடுக்குறது. பால் குடுக்குறவளுக்கு வயிறு ஆத்துறது. நான் உனக்கு ஒரு ஜாடி வத்தல் குடுத்தேனே, அது என்ன, இந்தக் காய்தானே?" என்றார்கள்.

அக்கா, அப்போது என் தட்டில் வத்தக்குழம்புதான் இருந்தது.

சரி, தெரிந்துகொண்டேன். மனிதர்கள் தப்பு செய்வதில்லையா? குரூப்பில் போட்டதை அழிக்கலாம் என்று பார்த்தேன். அழித்தால் மட்டும் என்ன, நாற்பது வீடும் பார்த்தாகிவிட்டது. புதிதாக ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அதற்குள் பி பிளாக்கில் ஒருவர், உங்களால் எங்கள் பேரப்பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று போட்டுவிட்டார். மறுபடி கைதட்டல். இதற்கு நடுவில் போய், தப்பு, அது மணத்தக்காளி என்று எப்படி எழுதுவது? நாளைக்கு எழுதலாம் என்று வைத்துவிட்டேன். பத்து நாளாக நாளைக்குத்தான்.

ஆனால் அந்தச் சாக்கில் ஒன்று கண்டுபிடித்தேன். போனில் கீழே இன்னும் படித்தால் போட்டிருக்கிறது, சமைத்துச் சாப்பிட்டால் பரவாயில்லை, பழுத்தது பரவாயில்லை, பச்சைக் காயைப் பச்சையாகத் தின்றால் ஆபத்து என்று. அவள் பச்சைக் காயைத்தான் தின்றாள். என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் ஏழு மணிக்குச் சத்தம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. "கேட்ல விடமாட்டோம்னு சொல்லிட்டோம், அப்புறம் ஏம்மா வரும்?" என்கிறார் பிச்சைமுத்து அண்ணன். கேட்டுக்குள்தானே வரக்கூடாது? தெருவில் வரலாமே? தெருவில்கூடச் சத்தம் இல்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆறே முக்காலுக்கே எழுந்து பால்கனியில் நிற்கிறேன். ஏழு. ஏழேகால். குழந்தையை எலிக்குஞ்சு என்று சொல்ல ஆளில்லை. எடை பார்க்கலாம் என்று மெஷினை எடுப்பேன். பார்த்து என்ன செய்ய என்று வைத்துவிடுவேன். காப்பி ஆறிப்போகிறது. பால் குறைகிறதோ என்று இருக்கிறது. ஆல்வின், "நீ தூங்கு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். நேற்று அத்தையிடம் ஏதோ மெதுவாகப் போனில் பேசினார். நான் போனதும் நிறுத்திவிட்டார்.

ஒரு மனுஷி என்னால் செத்திருந்தால், என் பிள்ளை என்னிடம் தங்குமா அக்கா? கடவுள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாரா?

என்ன? என்ன சொன்னீர்கள்?

மறுபடி சொல்லுங்கள். காலையிலா? இன்றைக்குக் காலையிலா? வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தாளா? நன்றாகப் பார்த்தீர்களா, மருதாயிதானா, இடது புருவத்தில் தழும்பு இருக்கும். அவளேதானா?

ஓ.

ஓ, கடவுளே. கொஞ்சம் இருங்கள். இல்லை, அழவில்லை. கண்ணில் தூசி. ஜன்னல் திறந்திருக்கிறது இல்லையா.

அடுத்த தெருவா உங்களுக்கு? அப்படியானால் இந்தக் கதை முழுக்க உங்களுக்குத் தெரிந்திருக்குமே. ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டதா, மூணாவது மாடிப் பொண்ணு நான்தான் என்று? பிறகு ஏன் அக்கா இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டே வந்தீர்கள்? ... பேசட்டும் என்று விட்டீர்களா.

என்ன சொன்னாள் என்னைப் பற்றி? பரவாயில்லை, சொல்லுங்கள். "அந்தப் புள்ள கீரையைக் கழுவிக் கழுவியே சத்தையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பிருது" என்றாளா. அவ்வளவுதானா? என்னைத் திட்டவில்லையா? திட்டினாளா. சரி. எப்படித் திட்டினாள் என்று சொல்ல வேண்டாம்.

ஏன் பின்னே தெருவுக்குக்கூட வரவில்லை? ... நாற்பது வீடு இல்லாமல் அந்தத் தெருவுக்குக் கூடை தூக்கிக் கட்டுப்படியாகாதா. வாழைத் தோப்பில் தார் சுமக்கப் போகிறாளா. இந்த வயதில் தார் சுமக்கிறாளா.

அதை நான் யோசிக்கவே இல்லை. செத்துப்போயிருப்பாள் என்றுதான் யோசித்தேன். செத்திருந்தால் என்ன செய்வது என்பதுகூட யோசித்து வைத்திருந்தேன். ஒரு மாலை வாங்கிக்கொண்டு போவது, காலில் விழுந்து அழுவது, மாதா கோவிலில் மெழுகுவத்தி. உயிரோடு இருக்கிறவளிடம் போய் என்ன சொல்வது? அதை யோசித்து வைக்கவில்லையே. அவள் வாயைத் திறந்து ஏதாவது கேட்பாளே.

இன்னொன்று கேட்கட்டுமா? பயப்படவில்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். ஏன் அவள் என் குழந்தையை அப்படிப் பேசினாள்? எலிக்குஞ்சு, கரிக்கட்டை என்று?

... கண் படாமல் இருக்கவா?

நல்லா இருக்குன்னு வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று மாற்றிச் சொல்வார்களா? நீங்களும் சொல்வீர்களா? எல்லோருமா? குழந்தை கொழுகொழு என்று இருந்தால்தான் வத்தல் என்பார்களா? மெலிந்த குழந்தையை அப்படிச் சொல்லவே மாட்டார்களா?

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே அக்கா. அந்தக் கீரைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அப்படியானால் மூன்று மாதமாகத் தினமும் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, உன் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் மெஷினில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை ஸ்டாப் இருக்கிறது இன்னும்? ஒன்றுதானா? ஒன்றா? இருங்கள், இருங்கள். டிரைவரிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்ல முடியாதா? போகிற வேகத்தைப் பாருங்கள்.

சரி. போன். இங்கே இருக்கிறது. இவளைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் எழுத வராது. பேசிவிடுகிறேன். இந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே பேசினால் குரல் அப்படியே போகும். நீங்கள் சத்தம் போடாதீர்கள். பஸ் சத்தம் கேட்டால் கேட்கட்டும்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மூணாவது மாடி ஜெனோவா பேசுறேன். அன்னைக்கு நான் ஒரு படம் போட்டேன். அது விஷம் இல்லை. அது மணத்தக்காளி. எனக்குத் தெரியலை. என் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை, அது தூங்குச்சு, அவ்வளவுதான். தெரியாம போட்டது ஒரு தப்பு. அன்னைக்கே மத்தியானம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகும் நான் சொல்லலை. அதுதான்... அது பெரிய தப்பு. நீங்க எல்லாரும் கைதட்டினீங்க, அதனால சொல்லலை. கோதண்டராமன் சார், மருதாயி அம்மாவை உள்ள விடுங்க சார். அவங்க வந்தா நான் கீழ இறங்கி வந்து வாங்கிக்கிறேன். அவங்க மேல ஏற வேண்டாம்."

விரலை எடுக்க வேண்டும். எடுத்தால் போய்விடும்.

எடுத்துவிட்டேன்.

போய்விட்டது. ஒன்று, இரண்டு, நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். யாரும் எதுவும் போடவில்லை. கைதட்டவில்லை. பையில் போட்டுவிடுகிறேன், பார்க்க வேண்டாம்.

அல்லூரா? இதுவா? இறங்குகிறீர்களா? நானும், நானும். கண்டக்டர், கொஞ்சம் நில்லுங்கள், ஆள் இறங்க வேண்டும். என்ன உயரம் இந்தப் படி! பை ஒரு தோளில், இவள் ஒரு கையில், கம்பியை எந்தக் கையால் பிடிப்பது? அக்கா, நீங்கள் முதலில் இறங்குங்கள். இறங்கிவிட்டீர்களா? இந்தாருங்கள். இவளைப் பிடியுங்கள்.

ஐயோ, முந்தானையில் கையைத் துடைக்க வேண்டாம் அக்கா. அப்படியே, அப்படியே பிடியுங்கள்.

என்ன சொன்னீர்கள் அவளை?

காக்காக்குஞ்சா?

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.